டயப்பர் தொட்டிக்கு முன்னால் ஒரு கேள்வி

பிறந்து பத்து நாளான குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்த ஓர் அப்பா, எடை கூடியிருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் செல்போனை நீட்டினார். திரையில் வெள்ளை நிறத்தில், உயரமாக, காபி மெஷின் மாதிரி ஒரு சாமான். “மேடம், டயப்பர் போடுறதுக்குன்னே தனி டஸ்ட்பின். வாடையே வராதாம். ஏழாயிரம் சொல்றான். வாங்கலாமா?” பக்கத்தில் நின்ற அவருடைய அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் இந்தப் பேச்சு ஏற்கெனவே ஒரு சுற்று ஓடி முடிந்திருக்கிறது என்று புரிந்தது.

“உங்க தெருவுக்குக் குப்பை வண்டி எத்தனை நாளைக்கு ஒருதடவை வருது?” என்று கேட்டேன்.

“தினமும் காலையில வருது.”

“அப்புறம் எதுக்கு?”

அந்தச் சாமான் மோசமானதல்ல. அது பிறந்த ஊர் வேறு. பிரிட்டனில் பல இடங்களில் வீட்டுக் குப்பையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியே கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் நாள்கணக்கில் டயப்பரைச் சேர்த்துவைக்க வேண்டும் என்றால் வாடை கசியாத ஏற்பாடு தேவைதான். டாமி டிப்பி என்ற கம்பெனியின் தொட்டி ஒவ்வொரு டயப்பரையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் முறுக்கி அடைத்துவிடும். டயப்பர் ஜீனி என்ற தொட்டியில் நீளமான உறைச்சுருள் இருக்கிறது. அது தீர்ந்தால் அதற்கென்றே விற்கும் சுருளை வாங்கிப் போட வேண்டும். உப்பி என்ற தொட்டி இரும்பில் செய்து பெயின்ட் பூசியது, அதில் எந்தப் பையையும் போடலாம். இவற்றில் ஒன்றை வாங்கித்தான் தீருவேன் என்றால் கடைசியாகச் சொன்ன வகை தேவலை. மற்றவற்றில் தொட்டிக்கு ஒருமுறை காசு, உறைக்கு மாதாமாதம் காசு. இங்கே சுருள் கிடைக்காத மாதத்தில் தொட்டி மூலையில் அழகுப்பொருளாக நிற்கும். வெளிநாட்டு உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த தொட்டியில் அரிசி கொட்டிவைத்திருந்த வீட்டை எனக்குத் தெரியும். (புதுத் தொட்டிதான், பயப்படாதீர்கள்.)

நம் வெயிலில் எந்த மூடி போட்டாலும் உள்ளே நடக்க வேண்டியது நடக்கும். சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது வருவதுதான் மூக்கில் ஏறும் அந்த அம்மோனியா நெடி. சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்த வேலை வேகமாக நடக்கும். இறுக்கமான மூடி அதை உள்ளே பிடித்துவைக்குமே தவிர, நிறுத்தாது. மூன்றாம் நாள் திறக்கும்போது மொத்தமாக முகத்தில் அடிக்கும். ஆகவே தொட்டியின் விலையைப் பார்ப்பதைவிட, டயப்பர் வீட்டுக்குள் எத்தனை மணி நேரம் கிடக்கப்போகிறது என்று பாருங்கள். தினமும் வண்டி வரும் தெருவில் அது 24 மணி நேரத்தைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை.

அதனால் சின்னத் தொட்டியாக வாங்குங்கள். முதல் சில வாரங்களில் ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு டயப்பர்வரை போகும். பிறந்த குழந்தையின் டயப்பரைச் சுருட்டினால் ஒரு கைப்பிடி அளவுதான். பத்துப் பன்னிரண்டு லிட்டர் தொட்டியில் ஒரு நாள் கணக்கு அடங்கிவிடும். பெரிதாக வாங்கினால் ‘இன்னும் இடம் இருக்கே’ என்று நாளைக்குத் தள்ளத் தோன்றும். அது மனித சுபாவம்.

காலால் மிதிக்கும் பெடல் வகைதான் வேண்டும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் அழுக்கு டயப்பர். மூடியைத் திறக்க மூன்றாவது கை கிடையாது. தள்ளினால் ஆடித் திறக்கும் மூடி வேண்டவே வேண்டாம். அதைத் தொட்ட கைதான் அடுத்து பால் பாட்டிலைத் தொடும். கடையில் வாங்கும்போது கையில் பையை வைத்துக்கொண்டு, காலால் நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். பாதித் தொட்டிகள் வழுக்கிப் பின்னால் ஓடும், சில குப்புறச் சாயும். மூடி ‘டமால்’ என்று விழுந்தால் இப்போதுதான் தூங்கிய பிள்ளை எழுந்துகொள்ளும். உள்வாளி தனியாகக் கழன்று வர வேண்டும், கழுவுவதற்கு. பெடலையும் மூடியையும் இணைக்கும் கம்பி துருப்பிடிக்கிற ரகம் என்றால் ஆறு மாதம்தான் ஆயுசு.

எங்கே வைப்பது? படுக்கை அறையில் வேண்டாம், சமையலறையில் வேண்டவே வேண்டாம். பாத்ரூம் வாசல், அல்லது வெயில் படாத பால்கனி மூலை.

சரி, தொட்டியை விடுங்கள். அதற்கு முந்திய ஒரு படியைத்தான் பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். டயப்பரில் இருக்கும் மலத்தை முதலில் கழிப்பறையில் தட்டிவிட வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீராக இருப்பதால் தட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆறு மாதத்தில் கூழ், பருப்புச்சோறு ஆரம்பித்த பிறகு கட்டாயம் தட்டுங்கள். வாடையில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். டயப்பரைக் கழிப்பறைக்குள் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஜெல் உப்பி, குழாய் அடைத்து, பிளம்பரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

“பால் குடிக்கிற புள்ள, அதோட ஆய்ல என்ன இருக்கப்போகுது?” என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். இருக்கிறது. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு வந்த குழந்தையின் மலத்தில், பேதி தொடங்குவதற்கு முன்பும் நின்ற பின்பும் சில நாள் வைரஸ் வெளியேறும். அது தொட்டி மூடியிலும் கதவுக் கைப்பிடியிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். 2017 முதல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதற்கான சொட்டு மருந்தை 6, 10, 14ஆம் வாரங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், போட்டுவிடுங்கள். அதோடு, டயப்பர் மாற்றியவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈரத் துணியால் துடைப்பது கை கழுவியதாகாது.

தட்டும்போதே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் உடனே உறையில் முறுக்கி மறைக்கும் தொட்டிகளின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருப்பதற்கு இதுதான் காரணம். பச்சைக் குழந்தையின் டயப்பர் எனக்கு ஒரு பரிசோதனைச் சீட்டு மாதிரி. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீரில் நனைந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதல் ஓரிரு நாளில் செங்கல்பொடி நிறத்தில் கறை தெரிந்தால், ரத்தம் என்று பயந்து ஓடிவருவார்கள். பெரும்பாலும் அது சிறுநீரில் உள்ள யூரேட் உப்பு. பால் நன்றாக ஊறியதும் போய்விடும். அதற்குப் பிறகும் நீடித்தால் காட்டுங்கள். பயப்பட வேண்டிய நிறம் வெள்ளை. மலம் சுண்ணாம்பு போலவோ, களிமண் போலவோ வெளுத்துப்போய், இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை இறங்காமல் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவைசிகிச்சையைப் பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, பிறகு தொட்டியில் போடுங்கள். அப்படி எடுத்த படங்கள் என் போனில் நிறைய வந்து கிடக்கின்றன. சாப்பிடும் நேரத்தில் போனைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

வாடைக்கு வருகிறேன். ஒரு முறை ஒன்பது நாள் ஆண் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கால்வரை மஞ்சள். காமாலையில் உடம்பை மஞ்சளாக்கும் பிலிரூபின் என்ற நிறமி ரத்தத்தில் மளமளவென்று ஏறியிருந்தது, ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது. உடனே நீல விளக்குச் சிகிச்சையில் வைத்தோம். தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகையில் மோதல் இல்லை, கிருமித் தொற்றும் இல்லை. குழந்தையைப் போர்த்தியிருந்த துணியைக் குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஜவுளிக்கடைப் பெட்டி வாசனை. “வீட்டுல அந்துருண்டை போடுவீங்களா?” என்று பாட்டியிடம் கேட்டேன். “ஆமா டாக்டரம்மா, பழைய துணிப் பெட்டியில இருக்கு. இப்ப பாம்பர்ஸ் போடுற தொட்டியிலயும் ரெண்டு போட்டேன், நாத்தம் தாங்கல.”

அந்துருண்டை, பாச்சா உருண்டை, ரசகற்பூரம் என்று ஊருக்கு ஒரு பெயரில் விற்பது பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே போதும், ரத்த அணுக்கள் உடையும். உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிரூபின் அளவுக்கு மீறினால் மூளையில் படியும். இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் குழந்தைகளிடம் அதிகம். யாருக்கு இருக்கிறது என்று பார்த்ததும் சொல்ல முடியாது. அந்தக் குழந்தைக்குத் துணிப் பெட்டிதான் பெரிய காரணமாக இருந்திருக்கும். தொட்டி உருண்டை கூடச் சேர்ந்தது. அணுக்கள் உடைந்த நேரத்தில் ஜி6பிடி பரிசோதனை தவறாகச் சரி என்று காட்டிவிடலாம் என்பதால், மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்தோம். குறை இருந்தது. பிள்ளை இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் பாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்கலங்குவார். அவர் மேல் தப்பில்லை, எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தார்.

ஆகவே தொட்டியில் அந்துருண்டை கூடாது. சூடம் போடுவதும் வேண்டாம். தவழும் பிள்ளை எடுத்து வாயில் போட்டால் வலிப்பு வரும். பிளீச்சிங் பவுடர் தூவும் வழக்கமும் உண்டு. சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் போட்டால் இன்னும் மோசம். தொட்டியின் அடியில் ஒரு செய்தித்தாளை மடித்துப் போட்டு, மேலே இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா தூவுங்கள். வாரம் இரண்டு முறை உள்வாளியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து, வெயிலில் காயவையுங்கள். இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

துணி நாப்கின் கட்டும் வீடுகளில் ஊறவைக்கும் வாளி ஒன்று இருக்கும். இரண்டு அங்குலத் தண்ணீரில்கூடத் தலைகீழாக விழுந்த குழந்தை எழுந்துகொள்ள முடியாது. வீட்டில் ஒன்றரை வயது அக்காவோ அண்ணனோ இருந்தால், ஊறவைப்பதை விட்டுவிட்டு அலசி அப்படியே போட்டுவையுங்கள், துவைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பெடல் தொட்டியும் எட்டு, ஒன்பது மாதத்தில் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். அப்போது தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் அதற்கு இடமாற்றம்.

கடைசியாக வண்டி. டயப்பரின் வெளித்தாளும் உள்தாளும் பிளாஸ்டிக் இழை, நடுவில் மரக்கூழும் ஜெல்லும். பஞ்சு மாதிரி இருப்பதால் பலர் அதை மக்கும் குப்பையில் போடுகிறார்கள். உரக்கிடங்கில் அதைக் கையால் பொறுக்கி எடுப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே டயப்பரை நன்றாகச் சுற்றி மக்காத குப்பையில் போடச் சொன்னன, சுற்றுவதற்கான உறையைக் கம்பெனிகள் தர வேண்டும் என்றும் சொன்னன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் டயப்பரும் நாப்கினும் தனிப் பிரிவு. ஈரக் குப்பை, உலர்குப்பை இரண்டிலும் கலக்கக் கூடாது. புனேயில் குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களின் கூட்டுறவான ஸ்வச், பொட்டலத்தின் மேல் சிவப்புப் புள்ளி ஒன்று வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தது. பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கு இது மிகவும் பிடித்துப்போய், இங்கே வருபவர்களிடமும் சொல்கிறேன். டயப்பரை உள்பக்கமாகச் சுருட்டி, அதன் ஒட்டுப்பட்டையாலேயே ஒட்டி, அரைத் தாள் பேப்பரில் பொட்டலம் கட்டி, ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பொட்டு. இறுகக் கட்டினால் தெருநாயும் பிரித்து இழுத்துப்போகாது.

அந்த ஏழாயிரம் ரூபாய் அப்பா ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வந்தார். நானூற்றைம்பது ரூபாய்க்குப் பெடல் தொட்டி வாங்கியிருக்கிறார். பொட்டலம் கட்டும் பொறுப்பு அவருடைய அம்மாவுக்கு. ஸ்கெட்ச் தீர்ந்துபோனதால் குங்குமத்தைக் குழைத்துப் பொட்டு வைக்கிறாராம். “வண்டியில வர்ற பொண்ணு கேட்டுச்சு டாக்டரம்மா, என்ன பாட்டி தினமும் பத்துப் பொட்டலத்துக்குப் பொட்டு வச்சு அனுப்புறீங்கன்னு. விஷயத்தைச் சொன்னேன். இப்ப பக்கத்து வீட்டுலயும் போய்ச் சொல்லிட்டிருக்கு.”