புரை ஆபரேஷனுக்குப் பிறகு கம்ப்யூட்டர் பார்க்கலாமா?

கண்புரை ஆபரேஷன் முடிந்து மறுநாள் பரிசோதனைக்கு வருபவர் வேலைக்குப் போகிறவராக இருந்தால், முதலில் கேட்பது இதைத்தான். பார்க்கலாம். திரையைப் பார்ப்பதால் உள்ளே வைத்த லென்ஸ் நகராது, புண்ணும் பிரியாது. புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேக்கோ முறையில் வெட்டு 3 மில்லிமீட்டர் அளவுதான். பெரும்பாலும் தையலே இருக்காது. சிக்கல் இல்லாத ஆபரேஷன் என்றால் சில நாட்களிலேயே கொஞ்ச நேரமாகத் தொடங்கிவிடலாம்.

ஆனால் திரை தெளிவாகத் தெரியுமா என்பது வேறு விஷயம். நம் ஊரில் அதிகம் வைக்கப்படுவது மோனோஃபோகல் லென்ஸ், அதாவது ஒரே ஒரு தூரத்துக்கு மட்டும் தெளிவு தருவது. அதைப் பெரும்பாலும் தூரப் பார்வைக்குக் கணக்கிட்டு வைக்கிறோம். பஸ்ஸின் நம்பர் பளிச்சென்று தெரியும், 60 சென்டிமீட்டரில் இருக்கும் எக்செல் எண்கள் மங்கும். இதைப் பார்த்து ஆபரேஷனே சரியில்லையோ என்று பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கண்ணாடி இன்னும் போடவில்லை, அவ்வளவுதான். பவர் நிலைக்கப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு சமாளியுங்கள்.

கண்ணாடி எழுதும்போதுதான் இன்னொரு கோளாறு நடக்கிறது. வழக்கம்போல பைஃபோகல் வாங்குவார்கள். அதன் கீழ்ப்பகுதி 40 சென்டிமீட்டரில் பேப்பர் படிக்க, மேல்பகுதி தூரத்துக்கு. திரை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க நாள் முழுக்க மோவாயைத் தூக்கி உட்கார்ந்து, அப்புறம் கழுத்து வலி என்று எலும்பு டாக்டரிடம் போவார்கள்! கண்ணிலிருந்து உங்கள் திரை எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து வந்து சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தரலாம்.

உறுத்தல், எரிச்சல் பற்றியும் கேட்பார்கள். திரையைப் பார்க்கும்போது எல்லோருமே கண் சிமிட்டுவது குறைந்துவிடும். ஆபரேஷன் ஆன கண் ஏற்கெனவே சில வாரம் வறண்டிருக்கும். ஏசி காற்று முகத்தில் நேராக அடிக்காமல் உட்காருங்கள். திரை கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கண்ணீர்ச் சொட்டு மருந்தை டாக்டரைக் கேட்டுப் போடுங்கள். புரை போனதும் வெள்ளைத் திரை கொஞ்சம் நீலமாகவும் கூசுவதாகவும் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்தால் போதும். நீல ஒளித் தடுப்புக் கண்ணாடிக்குக் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வலி, கூடிக்கொண்டே போகும் சிவப்பு, திடீரென்று பார்வை குறைவது, மின்னல் வெட்டுவது போல ஒளி, இவற்றில் ஒன்று வந்தாலும் கம்ப்யூட்டர் அதிகம் பார்த்ததால்தான் என்று நினைத்துத் தூங்கப் போய்விடாதீர்கள். அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்கு வந்துவிடுங்கள்.