வழுவழுப்பு வேண்டுமா? புள்ளிகளைக் குறையுங்கள்

முப்பரிமாண மாடல்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. அண்மையில் ஒரு ஹெல்மெட் மாடல் வந்தது. வெறும் சாம்பல் நிறத்தில் குறையே தெரியவில்லை. பளபளப்பான மெட்டீரியலைப் போட்டுத் திருப்பியதும் நெற்றிப் பக்கத்தில் ஒளி நெளிந்தது. மாடலைக் கோட்டு வலையாகக் காட்டும் வயர்ஃப்ரேமைத் திறந்தால், அந்த இடத்தில் மட்டும் கோடுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒரு மேட்டைச் சரிசெய்ய ஒரு புள்ளி, அதனால் வந்த பள்ளத்துக்கு இன்னொரு புள்ளி என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள். நாம் சில புள்ளிகளை வைக்கிறோம். வளைவை மென்பொருள் கணக்குப் போட்டுக்கொள்கிறது. 1978இல் எட்வின் கேட்மலும் ஜிம் கிளார்க்கும் வெளியிட்ட சப்டிவிஷன் முறைதான் (முகங்களைத் திரும்பத் திரும்பப் பிரித்து வழுவழுப்பாக்குவது) பிளெண்டர், மாயா போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு நிலையிலும் ஒரு நாற்கர முகம் நான்காகப் பிரியும். ஆறு முகங்கள் உள்ள கனசதுரம் ஐந்தாவது நிலையில் 6,144 முகங்களாகிவிடும். ஆனாலும் நாம் பிடித்து இழுக்க வேண்டியது அந்த முதல் எட்டுப் புள்ளிகளை மட்டும்தான். அவசரப்பட்டு 'அப்ளை' கொடுத்து அந்தப் பிரிவுகளை நிரந்தரமாக்கினால் 6,146 புள்ளிகளையும் நாமே கட்டி மேய்க்க வேண்டும். தயவுசெய்து அந்தப் பட்டனைக் கடைசிவரை தொடாதீர்கள்.

அப்புறம், ஒரு புள்ளியில் எத்தனை விளிம்புகள் (வலையின் கோடுகள்) கூடுகின்றன என்று எண்ணிப் பழகுங்கள். நான்கு என்றால் கவலையில்லை. மூன்றோ ஐந்தோ கூடினால் அங்கே வளைவின் தொடர்ச்சி ஒரு படி குறையும். எத்தனை முறை பிரித்தாலும் அந்தப் புள்ளி அப்படியே இருக்கும். அந்த ஹெல்மெட்டின் நெற்றியில் ஆறு விளிம்புகள் ஒரே புள்ளியில் சேர்ந்திருந்தன. உருண்டையான வடிவத்தில் இப்படிச் சில புள்ளிகள் வந்தே தீரும். அவற்றைத் தட்டையான பகுதிக்கோ கண் படாத ஓரத்துக்கோ நகர்த்தி வைப்பதுதான் கைப்பக்குவம்.

ஸ்மூத் ஷேடிங்கை நம்பி ஏமாற வேண்டாம். அது வெளிச்சத்தைத்தான் இழைத்துக் காட்டும், வடிவத்தை மாற்றாது. மேற்பரப்பில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் பிரதிபலிப்பதுபோல் காட்டும் வரிக்குதிரைப் பட்டைகளைப் போட்டுப் பாருங்கள். இணைப்பில் பட்டை விலகி நின்றால் மேற்பரப்பே மடிந்திருக்கிறது. பட்டை சேர்ந்தும் முறிந்து திரும்பினால் வளைவின் அளவு திடீரென மாறுகிறது. வழுக்கிக்கொண்டு போனால் சரி.

அந்த நெற்றிப் பகுதியை அழித்துவிட்டு, பன்னிரண்டே புள்ளிகளில் திரும்பக் கட்டச் சொன்னேன். மறுநாள் வந்த கோப்பில் பட்டைகள் எங்கும் தடுக்காமல் ஓடின.