இதயத்துக்கு ஒரு வாரம் லீவு

"காய்ச்சல் வந்த நாலாம் நாள் என் தம்பி மகனுக்கு இதயம் வேலை செய்யவில்லை என்றார்கள். ஏதோ மெஷின் வைத்து, ஒரு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக நடக்கிறான். கெட்டுப்போன இதயம் எப்படித் தானாகச் சரியானது?" ஒரு வாசகியின் கேள்வி இது.

அது கெட்டுப்போகவில்லை. மாரடைப்பில் ரத்தம் கிடைக்காத தசை செத்துப்போகும். மயோகார்டைட்டிஸ் எனும் இதயத் தசை அழற்சி வேறு. காக்சாகி போன்ற வைரஸைத் துரத்தப் போகும் நோய் எதிர்ப்பு செல்கள் தசையையும் தாக்குகின்றன. சில செல்கள் சாகும். பல செல்கள் சுருங்கும் தெம்பில்லாமல் கிடக்கும். அழற்சி வடிந்தால் அவை வேலைக்குத் திரும்பலாம். அதுவரை உடம்புக்கு ரத்தம் போக வேண்டுமே!

எக்மோ என்ற மெஷின் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, தமனிக்குள் தள்ளும். உயிர் தங்கும். ஆனால் அந்த ரத்தம் பெருந்தமனியில் இதயத்தை எதிர்த்து வருகிறது. சோர்ந்த இடது கீழறையால் வால்வைத் திறக்க முடியாவிட்டால் ரத்தம் உள்ளேயே தேங்கும், அறை உப்பும், நுரையீரலில் நீர் கோக்கும்.

இங்கேதான் இம்பெல்லா வருகிறது. பென்சிலைவிட மெல்லிய பம்ப். தொடைத் தமனி வழியாக ஏற்றி, பெருந்தமனி வால்வுக்குள் நுழைத்துவிடுவார்கள். வாய் கீழறைக்குள், வெளியேறும் துளை வால்வுக்கு மேலே. உள்ளே ஒரு குட்டித் திருகு, நிமிடத்துக்கு 46,000 சுற்று வரை சுழலும். ரத்தத்தை அது இறைத்துவிடுவதால் அறைச் சுவரின் இழுவிசை குறைகிறது, தசைக்குத் தேவையான ஆக்சிஜனும் குறைகிறது. இதயம் துடித்தபடியே ஓய்வெடுக்கிறது.

இதன் மூதாதைக்கான யோசனை எகிப்தில் கிடைத்தது. 1976இல் ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க மருத்துவர், அங்கே ஒரு கிராமத்தில் ஆர்க்கிமிடீஸ் திருகைக் கையால் சுற்றித் தண்ணீர் ஏற்றுவதைப் பார்த்தார். இதேபோல ஒரு குட்டித் திருகை வேகமாகச் சுழற்றி ரத்தத்தை இறைக்கலாமே என்று நினைத்தார். அவ்வளவு வேகத்தில் சுற்றினால் ரத்த அணுக்கள் அரைபட்டுவிடும் என்றார்கள். அவர் விடவில்லை. 1988இல் ஹூஸ்டனில் அவருடைய ஹீமோபம்ப் முதல் நோயாளிக்குள் சுழன்றது. மாற்று இதயத்தை உடம்பே தாக்கிக்கொண்டிருந்த மனிதர் அந்த நோயாளி; அந்த இதயம் மீண்டது. உடனே பலன் கேட்காமல் இப்படிப்பட்ட கிறுக்கு யோசனைகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ மந்திரிக்கப் போய் ஒரு நாளைக்கூட இழக்காதீர்கள். இதில் மணிக்கணக்கு முக்கியம்.

சரி, மெஷினை எப்போது எடுப்பது? பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது ரத்த அழுத்தக் கோடு மானிட்டரில் ஏறக்குறைய தட்டையாகவே போகும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எக்கோ ஸ்கேனில் இதயத்தைப் பார்ப்பார்கள். இதயம் மீண்டிருந்தால் தட்டைக் கோட்டில் சின்னச் சின்ன மேடுகள் எழும். மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி தட்டுப்படும்.