கொதிப்பது எண்ணெய் அல்ல, தண்ணீர்

வடையைப் போட்டதும் சட்டியில் சலசலவென்று நுரை பொங்கும். அதைப் பார்த்து, எண்ணெய் நன்றாகக் கொதிக்கிறது என்போம். ஆனால் சமையல் எண்ணெய் நம் அடுப்பில் ஒருநாளும் கொதிப்பதில்லை. கொதிநிலைக்குப் போகும் முன்பே புகைந்து கருகிவிடும். நாம் பார்க்கும் குமிழி அத்தனையும் மாவிலிருந்த தண்ணீர். 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் விழுந்ததும் அது ஆவியாகிப் பீறிட்டு வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பொரிப்பது என்ற வேலையே அந்த ஆவியை மேய்ப்பதுதான். எனக்கு இது விளங்கியது இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பகுதியின் லீட்ஸ் நகரத்தில், ஒரு தெருமுனைக் கடையின் வரிசையில் நின்றபோது.

பிரிட்டனின் 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' கடை அது. அங்கே சிப்ஸ் என்றால் நம் பாக்கெட்டில் வரும் மெல்லிய வறுவல் இல்லை. பெருவிரல் தடிமனுக்கு நீளவாக்கில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு. கடைக்குச் செல்லப்பெயர் 'சிப்பி'. ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் மீனை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 1860 வாக்கில் லண்டனின் கிழக்குப் பகுதியில் ஜோசப் மாலின் என்பவர் மீனையும் கிழங்கையும் சேர்த்து விற்றார் என்கிறார்கள். இல்லை, இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயரின் மாஸ்லியில் ஜான் லீஸ்தான் முதலில் என்று வடக்கத்திக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். யார் முதலோ, நீராவியில் ஓடும் இழுவலைப் படகுகளும் ரயிலும் வட கடல் மீனை மலிவாக ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்ததும் இது ஆலைத் தொழிலாளியின் ராச்சாப்பாடானது. இரண்டாம் உலகப் போரில் இறைச்சி, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் ரேஷனுக்குப் போனபோதும் அரசாங்கம் இதை மட்டும் ரேஷனில் சேர்க்கவில்லை.

சரி, அந்தக் கடைக்கு வருவோம். பொரிப்பவர் அறுபதைத் தாண்டியவர். மீன் துண்டின் வால் முனையைப் பிடித்து மாவுக் கரைசலில் முக்கி, பாத்திரத்தின் விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்து அதிகப்படி மாவை வழிப்பார். அப்புறம் எண்ணெயில் பொத்தென்று போடமாட்டார். வாலைப் பிடித்தபடியே, மீனின் முக்கால்வாசியை எண்ணெயில் இறக்கி, இப்படியும் அப்படியும் நான்கைந்து தடவை மெதுவாக அலசுவார். பிறகுதான் விடுவார், அதுவும் தன் உடம்புக்கு எதிர்ப்பக்கமாக. அந்தச் சில நொடிகளில் மேல்மாவு இறுகத் தொடங்கிவிடும். அடியில் கிளம்பும் ஆவி மீனைத் தூக்கிப் பிடிக்கும். விட்டதும் மீன் தக்கை மாதிரி மிதக்கும். சும்மா போட்டிருந்தால் அடியில் போய் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

மிதக்கும் மீனுக்குள் என்ன நடக்கிறது? வெளியே எண்ணெய் 180 டிகிரி. உள்ளே தண்ணீர் இருக்கும் வரை மீனின் சூடு 100 டிகிரியைத் தாண்ட முடியாது. ஆக, மாவுக்கூட்டுக்குள் மீன் பொரிவதே இல்லை, தன் ஈரத்திலேயே அவிகிறது. இட்லிக் கொப்பரையில் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. காட் என்ற மீனும் அதன் உறவான ஹாடக்கும் இதற்கென்றே செய்தவை போலிருக்கும். காட் மீன் கொழுப்பைச் சதையில் சேர்ப்பதில்லை, ஈரலில் சேர்க்கிறது. 'காட் லிவர் ஆயில்' என்று நம் வீடுகளில் கொடுக்கும் மீன் எண்ணெய் மாத்திரை அந்த ஈரலிலிருந்து வந்ததுதான். சதையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். தசையோ சிறு சிறு அடுக்குகளாக இருக்கும். அடுக்குகளை ஒட்டவைத்திருக்கும் மெல்லிய சவ்வு கொஞ்சச் சூட்டிலேயே கரைந்துவிடும். அதனால்தான் முள்கரண்டி பட்டதும் இதழ் இதழாகப் பிரிகிறது. யார்க்‌ஷயரில் ஹாடக், தெற்கே போனால் காட். இதில் எது மேல் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

'புதிய மீன்' என்று பலகை வைத்திருக்கும் கடையைவிட, கடலிலேயே உறையவைத்த மீன் என்று சொல்லும் கடையை நான் நம்புவேன். நார்வேக்கு வடக்கே, பேரன்ட்ஸ் கடலில் பிடிபடும் மீனைச் சில மணி நேரத்துக்குள் கப்பலிலேயே துண்டுபோட்டு வேகமாக உறையவைத்துவிடுகிறார்கள். வேகமாக உறைந்தால் பனிப்படிகங்கள் சிறியதாக இருக்கும், செல்லின் சவ்வு கிழியாது. மெதுவாக உறைந்த மீனில் படிகம் பெரிதாகி செல்லைக் குத்திக் கிழிக்கும்; உருகும்போது தண்ணீர் ஒழுகும்; அந்தத் தண்ணீர் மாவுக்கூட்டை நனைத்துவிடும்.

மாவுக் கரைசல் எளிமையானது. பல கடைகளில் மைதா, உப்பு, தண்ணீர், கொஞ்சம் பேக்கிங் பவுடர், அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும், அதிகம் கலக்கவும் கூடாது. கலக்கக் கலக்க மைதாவின் புரதங்கள் பின்னிப் பிணைந்து பரோட்டா மாவின் இழுவை வந்துவிடும். பொரித்தால் கடிக்க முடியாத தோல். நம் பஜ்ஜிக்கு இந்தக் கவலை கிடையாது, கடலை மாவில் அந்தப் பிணையும் புரதம் இல்லை. பீர் ஊற்றிக் கரைப்பவர்களும் உண்டு. அதிலிருக்கும் கரியமில வாயு குளிர்ந்த கரைசலில் அடங்கியிருந்து, சூடு பட்டதும் குமிழியாகக் கிளம்பி மாவைச் சல்லடையாக்கும். சாராயம் தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாவதால் மேல்தோல் விரைவில் காயும்.

நான் இத்தனை வருஷம் தலைகீழாக நினைத்திருந்த விஷயம் எண்ணெய் குடிப்பது. எண்ணெய்க்குள் கிடக்கும்போதுதான் பண்டம் எண்ணெய் குடிக்கும் என்று நினைத்திருந்தேன். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய்க்கு உள்ளே நுழைய வழியே இல்லை. எடுத்த பிறகுதான் அது நுழைகிறது. சூடு குறைந்ததும் துளைகளில் நின்ற ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகிச் சுருங்கும். அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சி இழுக்கும். எனவே எடுத்த முதல் சில நொடிகளில் நன்றாக உதறி வடியவிட வேண்டும். அந்தப் பெரியவர் கம்பிக் கூடையை இரண்டு முறை தட்டுவார், ஒருநாளும் மறந்ததில்லை. எண்ணெயில் ஒரே நேரத்தில் நிறைய மீனைப் போடுவதும் இதனால்தான் தப்பு. தண்ணீரை ஆவியாக்கச் சூடு ஏராளமாகச் செலவாகும். எண்ணெய் சட்டென்று ஆறிவிடும். ஆவியின் வேகம் தளரும். மேல்தோல் இறுகாமல் சொதசொதவென்று எண்ணெயில் ஊறும்.

கிழங்கு இதைவிட வம்பு பிடித்தது. பிரிட்டிஷ் கடைக்காரர்கள் கொண்டாடும் ரகம் மாரிஸ் பைப்பர். கேம்பிரிட்ஜை ஒட்டிய பயிர் இனவிருத்தி நிலையத்தில் உருவாகி 1966-இல் வெளிவந்தது. மாவுச்சத்து அதிகம், சர்க்கரை குறைவு. வெந்ததும் உள்ளே பஞ்சுபோல் உதிரும். இதே கிழங்கை அதிகக் குளிரில் வைத்தால் குணம் மாறிவிடும். குளிரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள கிழங்கு மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும். அந்தச் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் வினையை 1912-இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார். தோசை முறுகலின் மணம் வருவதும் இந்த வினையால்தான். சர்க்கரை கூடிவிட்டால் வினை தறிகெட்டு ஓடும்: மொறுமொறுப்பு வருமுன்பே கிழங்கு கறுத்துக் கசக்கும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதிகமாக உருவாகும். இதை 2002-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் வெளிப்படுத்தினார்கள். கோடையில் வரும் புதுக்கிழங்கு இன்னொரு தலைவலி, ஒரே தண்ணீர். அந்த வாரங்களில் நல்ல கடையிலும் சிப்ஸ் கொஞ்சம் துவண்டுதான் இருக்கும். அதற்காகக் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஏன் அவ்வளவு தடிமனாக நறுக்குகிறார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 7 மில்லிமீட்டர் பட்டையை 14 மில்லிமீட்டராக்கினால், அதே எடைக் கிழங்குக்கு எண்ணெய் படும் பரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். பரப்பு குறைந்தால் குடிக்கும் எண்ணெயும் குறையும். உள்ளே வெந்த கிழங்கின் ருசியும் நாக்குக்குத் தெரியும்.

பொரிக்கும் கொழுப்பைப் பற்றி நம்மவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். யார்க்‌ஷயரிலும் வடக்கில் பல இடங்களிலும் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு. மாட்டுக்கொழுப்பைக் கடைக்காரர்கள் விரும்புவதற்கு ருசி ஒரு காரணம். இன்னொன்று, அதில் காற்றோடு எளிதில் வினைபுரியும் வகைக் கொழுப்பமிலங்கள் குறைவு, அதனால் சீக்கிரம் கெடாது. எந்த எண்ணெயானாலும் புத்தம்புதிதாக இருக்கும்போது பொரித்தால் பண்டம் வெளுத்துத்தான் வரும். கொஞ்சம் பழகிய எண்ணெயில், கொழுப்பு உடைந்து உண்டான சோப்பு போன்ற பொருட்கள் எண்ணெயையும் ஈரத்தையும் நெருங்கவிடும். நிறம் அழகாக ஏறும். அந்த அளவு தாண்டினால் நுரை அடங்காமல் பொங்கும், பண்டம் எண்ணெய் குடிக்கும். உதிர்ந்த மாவுத்துகளை அடிக்கடி அள்ளி, எண்ணெயைத் தினமும் வடிகட்டும் கடைக்குள் நுழைந்தால் மூக்கே சொல்லிவிடும். அப்படி அள்ளிய பொன்னிறத் துகளை யார்க்‌ஷயரில் 'ஸ்க்ராப்ஸ்' என்பார்கள். கேட்டால் சிப்ஸ் மேல் இலவசமாகவே தூவித் தருவார்கள்.

ஒருமுறை வேறொரு ஊரில், கூட்டமே இல்லாத ஒரு கடையில் வாங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் மீன்கள் பொன்னிறமாக அடுக்கியிருந்தன. கையில் வாங்கியதும் ஈரச் சாக்குபோல் தொங்கியது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்த அப்பளம் நமுத்துப்போகுமே, அதே கதை. மொறுமொறுப்பான கூடு கண்ணாடி போன்ற நிலையில் இருப்பது. கொஞ்சம் ஈரம் ஏறினால் ரப்பராகிவிடும். ஈரம் வெளிக்காற்றிலிருந்து வர வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் மீனிலிருந்தே கசிந்து வருகிறது. பொரித்த சில நிமிடங்களில் இது தொடங்கிவிடும். ஆகவே கடைக்கு வெளியே நீளும் வரிசையைப் பார்த்து நான் சலித்துக்கொள்வதில்லை. வரிசை இருந்தால் மீன் பெட்டியில் காத்திருக்காது, நாம்தான் காத்திருப்போம்.

கடைசியில் உப்பும் வினிகரும். பல கடைகளில் புட்டியில் இருப்பது பார்லியில் புளித்த வினிகர்கூட இல்லை. அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் ஊற்றி, கருக்கிய சர்க்கரையால் நிறமேற்றியது. சட்டப்படி அதை வினிகர் என்று சொல்லி விற்க முடியாது. மீனுக்குப் புளிப்பு எதற்கு? கடல் மீனின் உடலில் இருக்கும் ஒரு பொருளை, மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் டிரைமெத்தில் அமீனாக மாற்றும். மீன் வாடை என்கிறோமே, அது பெரும்பாலும் இதுதான். இது வேதியியலில் சொல்லும் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. அமிலம் பட்டதும் உப்பாக மாறிவிடும், உப்பு காற்றில் பறந்து மூக்குக்கு வராது. மீன் குழம்பில் நம் வீட்டில் புளியைக் கரைத்து ஊற்றுவதிலும் இதே வேலை நடக்கிறது. பக்கத்தில் வைக்கும் பச்சைப் பட்டாணி மசியலும் பழகிய வித்தைதான்: முதல்நாள் இரவே ஆப்ப சோடா போட்டு ஊறவைப்பார்கள், தோல் குழைந்துவிடும், பச்சை நிறமும் மங்காது.

லீட்ஸ் கடைக்காரர் பொட்டலத்தை ஒருபோதும் இறுக்கி மூடியதில்லை. 1980-கள் வரை செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார்களாம். இப்போது வெறும் வெள்ளைத்தாள். மீனை வைத்து இரண்டு பக்கமும் மடித்து, ஒரு மூலையை மட்டும் திறந்தே விட்டுத் தருவார். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னால், "அந்த மூலையை மூடிவிடாதே" என்பார். பேருந்து நிறுத்தம் வரை நடக்கும்போது அந்த மூலையிலிருந்து ஆவி என் முகத்தில் அடித்துக்கொண்டே வரும். பேருந்து வருவதற்குள் பாதி மீன் தீர்ந்திருக்கும்.