மீற்றர் 12.6 காட்டினால் வயர் நல்லது என்று அர்த்தமில்லை

இலங்கையின் கிழக்குக் கரையில், வாழைச்சேனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் படகுகளில் கழற்றி எங்கள் திருத்தும் மேசைக்கு வரும் வி.எச்.எஃப். ரேடியோக்களோடு (கடலில் படகுக்குப் படகும் கரையோடும் பேசும் செட்) ஒரே பேச்சுத்தான் கூட வருகிறது: "பேசுற பட்டன அமத்தினா செட் நிண்டு போகுது. பற்றரி புதுசு. மீற்றர் வச்சுப் பார்த்தம், 12.6 காட்டுது. செட்தான் பழுது." மேசையில் வைத்து ஒழுங்கான சப்ளை கொடுத்தால் அதே செட் 25 வாற்றில் சுத்தமாகப் பேசுகிறது. பழுது செட்டில் இல்லை, படகில் இருக்கிறது. புதுச் செட் வாங்கிப் பூட்டினாலும் அதுவும் இப்படித்தான் நிற்கும்.

எல்லோரையும் ஏமாற்றுவது அந்த 12.6 தான். செட்டைக் கழற்றிவிட்டு வயர் நுனியில் மீற்றர் வைத்தால், மீற்றர் அந்த வயரிலிருந்து கரண்ட் இழுப்பதில்லை என்றே சொல்லலாம். உள்ளே இருக்கும் செப்பு இழைகளெல்லாம் அரித்து ஒரேயோர் இழை மிஞ்சியிருந்தாலும் அது 12.6 காட்டும். பற்றரியில் வோல்ற் இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. அந்த வோல்ற்றைச் செட் வரைக்கும் சுமக்க வயருக்குத் தெம்பு உண்டா என்பதை மீற்றர் அப்போது சோதிக்கவேயில்லை.

கணக்கைப் பாருங்கள். ரேடியோ கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஏறத்தாழ 0.4 அம்பியர் எடுக்கும். 25 வாற்றில் பேசும்போது 5 முதல் 6 அம்பியர் எடுக்கும். களிம்பு பிடித்த ஒரு ஜொயின்றில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைப்போம். கேட்கும்போது இழப்பது 0.2 வோல்ற், யாருக்கும் தெரியாது. பட்டனை அமத்தியதும் 2.75 வோல்ற் அந்த ஜொயின்றிலேயே சூடாகிப் போய்விடும். செட்டுக்குக் கிடைப்பது பத்துக்கும் குறைவு. பல ரேடியோக்களுக்குக் கையேட்டில் போட்டிருப்பது 13.8 வோல்ற், கூடக்குறைய 15 சதவீதம், அதாவது 11.7க்குக் கீழே போனால் உத்தரவாதமில்லை. குறைந்த வலுவான 1 வாற்றில் பேசுகிறது, முழு வலுவான 25 வாற்றில் நின்றுவிடுகிறது என்றால் செட்டைத் திறக்கும் முன் வயரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். அன்டெனா பூட்டியபடி இருக்கட்டும். அன்டெனா இல்லாமல் பட்டனைத் தொடவே கூடாது. ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சனலை விட்டு, ஆளில்லாத வேறு வேலைச் சனலுக்குப் போய், ஒருவர் ஐந்து விநாடி அமத்தட்டும். மற்றவர் செட்டின் பின்பக்கப் பவர் முனையில் அந்த நேரத்து வோல்ற்றைப் பார்க்கட்டும். பிறகு மீற்றரின் ஒரு முனையை நீளமான வயர் கட்டி பற்றரியின் மைனஸ் ஈயக்குமிழிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. மறுமுனையைச் செட்டின் மைனஸில் வைத்து மீண்டும் அமத்துங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் மைனஸ் பக்கம் நோய் இருக்கிறது. அங்கிருந்து மறுமுனையை ஒவ்வொரு படியாகப் பற்றரியை நோக்கி நகர்த்துங்கள். வாசிப்பு எங்கே சட்டென்று விழுகிறதோ, அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில்தான் பழுது. பிளஸ் பக்கமும் இதேபோலத்தான். அங்கே பியூஸ் ஹோல்டரின் இரண்டு பக்கத்தையும் தவறாமல் பாருங்கள். ஸ்பிரிங் வைத்த மலிவான ஹோல்டர் உப்புக்காற்றில் நிற்காது.

மைனஸை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாகனத்துக்கு வயரிங் செய்து பழகிய கை, மைனஸை எஞ்சினில் ஏதோ ஒரு நட்டில் முறுக்கிவிட்டு வந்துவிடுகிறது. ஃபைபர் உடம்பு கரண்ட் கடத்தாது. ஒவ்வொரு கருவியின் மைனஸும் தன் சொந்த வயரில் பற்றரிப் பக்கம் திரும்பி வரவேண்டும்.

முறுக்கி டேப் சுற்றிய ஜொயின்ற் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். டேப் பசை உருகி ஒட்டும், அடியில் பச்சைக் களிம்பு. அதைச் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்குவதில் பயனில்லை. உறையை ஒரு சாண் சீவினால் செம்பு கறுத்துக் கிடக்கும். உப்புத் தண்ணீர் இழைகளுக்கிடையே அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டுங்கள். வராவிட்டால் வயர் முழுவதையும் மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய இழை வயர், சரியான கிரிம்ப் (வயரை நசுக்கிப் பிடிக்கும் உலோக முனை), அதன் மேல் உட்பக்கம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாய். புளிச்ச மணம் வரும் சிலிக்கனை ஜொயின்றில் பூசாதீர்கள். அந்த அமிலமே செம்பைத் தின்னும்.

வயரின் தடிப்பிலும் கஞ்சம் பிடிக்கிறார்கள். பற்றரியிலிருந்து சுக்கான் அறை 8 மீற்றர் என்றால் போக வர 16 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் வயரில், ஜொயின்ற் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தாலும், பேசும்போது 1.7 வோல்ற் போய்விடும். 2.5 போட்டால் 0.7. 6 போட்டால்தான் 0.3க்குள் வரும். பியூஸ் பற்றரிக்கு ஒரு சாணுக்குள், செட்டின் கையேடு சொன்ன அம்பியரில். அண்ணன்மாரே, காக்காமாரே, கெஞ்சிக் கேட்கிறோம்: எரிந்த பியூஸில் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றாதீர்கள். அடுத்த முறை எரியப்போவது வயர். ஃபைபர் படகில், ஆழ்கடலில், டீசல் தாங்கிக்குப் பக்கத்தில்.

எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும்போது ஜி.பி.எஸ். அணைந்து திரும்ப எரிகிறதா? ஸ்டார்ட்டர் இழுக்கும் நேரம் பற்றரி தாழ்ந்து போவதுதான் அது. எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகு கருவிகளைப் போடுங்கள்; முடிந்தால் கருவிகளுக்குத் தனிப் பற்றரி.

ரேடியோவில் இரைச்சலா? அமைதியான சனலில் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகை) இரைச்சல் அடங்கும் இடத்தில் நிறுத்தி, எல்.ஈ.டி. விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எது போட்டதும் இரைகிறதோ அதை மாற்றுங்கள்.

அன்டெனா வயரை ஓமில் பார்த்து "சோர்ட்" என்று வெட்டி எறிகிறவர்களும் உண்டு. பல அன்டெனாக்கள் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன, ஓம் மீற்றர் அனுப்பும் டி.சி.க்கு (பற்றரி போன்ற நேர் கரண்டுக்கு) சோர்ட்டாகத்தான் காட்டும். எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர் (அன்டெனாவுக்குப் போகும் வலு எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீற்றர்) 2க்குக் கீழே காட்டினால் கைவைக்க வேண்டாம். கூடினால் முதலில் பிளக்கைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆழத்துக்குப் போனபின் கைப்பேசி வேலை செய்யாது, 16ஆம் சனல்தான் குரல். வாடை தொடங்க முன்னரே, படகு கரையில் நிற்கும்போதே, எஞ்சினை அணைத்து, 25 வாற்றில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் செட்டைக் கொண்டு வரத்தான் வேண்டுமென்றால், அதன் பவர் வயரையும் பியூஸ் ஹோல்டரையும் வெட்டாமல் சேர்த்தே கொண்டு வாருங்கள். பட்டனை அமத்திய நேரத்தில் செட்டின் முனையில் மீற்றர் எவ்வளவு காட்டியது என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.