நிறைந்த கப்பலில் முதலில் கவனிக்க வேண்டியது வயிற்றை

கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் க்ரூஸ் எனப்படும் உல்லாசப் பயணக் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது பல கப்பல்கள் பாதிதான் நிரம்பியிருந்தன. நீச்சல்குளத்தின் ஓரம் எந்த நாற்காலி வேண்டுமானாலும் கிடைத்தது, லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம், சாப்பாட்டு இடத்தில் வரிசையே இல்லை. அந்தச் சமயம் போய்வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு இப்போது கிளம்புகிறவர்கள் திரும்பி வந்து, "திருவிழாக் கூட்டமா இருந்தது டாக்டர்" என்கிறார்கள். பஃபேயில் நின்ற நேரம், லிஃப்டில் நெருக்கியது, ஷோவுக்கு இடம் கிடைக்காதது என்று குறைகள் நீளும். நான் கப்பல் மருத்துவமனையில் வேலை பார்த்தவன். கப்பல் நிறைந்திருக்கிறது என்று கேட்டாலே எனக்குக் கவலை வருவது வரிசையைப் பற்றி அல்ல, வாந்தி பேதியைப் பற்றித்தான்.

முதலில் கூட்டத்தின் அளவு. க்ரூஸ் நிறுவனங்களின் உலகச் சங்கமான கிளியாவின் கணக்கில் 2019-இல் கப்பலேறியவர்கள் 2 கோடியே 97 லட்சம். 2023-இல் அது 3 கோடியே 17 லட்சம், 2024-இல் 3 கோடியே 46 லட்சம். பழைய நிலைக்குத் திரும்பியதோடு நிற்கவில்லை, அதைத் தாண்டியே போய்விட்டது.

பயணிகளுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு உண்டு. இந்தத் தொழிலில் கப்பல் நூறு சதவீதம் நிறைந்தது என்றால், கேபினுக்கு இரண்டு பேர் என்று பொருள். சோபாவை விரித்தும், மேலேயிருந்து இறக்கும் கட்டிலிலும் மூன்றாவது, நான்காவது ஆள் படுத்தால் நூறைத் தாண்டும். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் கேபினுக்கு இரண்டு பேர் என்றால் 5,610 பயணிகள். எல்லாக் கட்டிலும் நிறைந்தால் 7,600 பேர். ஊழியர்கள் 2,350 பேர் தனி. விதிப்படி எல்லாம் சரிதான், உயிர்காப்புப் படகிலோ மிதவையிலோ இடமில்லாமல் யாரையும் ஏற்ற முடியாது. ஆனால் கூடுதலாக ஏறிய இரண்டாயிரம் பேருக்கும் அதே படிக்கட்டு, அதே லிஃப்ட், அதே மருத்துவமனை.

டிக்கெட் எடுக்கும் முன் ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். கப்பலின் மொத்த டன்னேஜ் அதன் உள்கொள்ளளவைக் காட்டும் எண். அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று ஓரளவு தெரிந்துவிடும். ஐகானின் டன்னேஜ் 2,48,663. இரண்டு பேர் கணக்கில் 44 வருகிறது, முழுக்க நிறைந்தால் 33-க்குக் கீழே இறங்குகிறது. ஒரே கப்பல்தான், ஆனால் பள்ளி திறந்திருக்கும் மாதத்தில் போவதும் லீவில் போவதும் ஒன்றல்ல. என் அனுபவத்தில் 40-க்கு மேல் இருந்தால் மூச்சுவிட இடம் இருக்கும், 30-ஐ நெருங்கினால் எங்கே போனாலும் முழங்கை இடிக்கும். விளம்பரத்தில் கப்பல் எவ்வளவு பெரியது என்று போட்டிருப்பார்கள். பெரிய கப்பல் என்பதாலேயே விசாலமாக இருந்துவிடாது.

அப்புறம், கூட்டம் கப்பல் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்காது. சில இடங்களில், சில நேரங்களில் மட்டும் அடைத்துக்கொள்ளும். ஏறும் நாள் மதியம் கேபின் தயாராகியிருக்காது, எல்லோரும் கைப்பையோடு நேராகப் பஃபேக்குப் போவார்கள். துறைமுகத்தில் இறங்கும் காலை, எல்லா லிஃப்டும் இறங்குவாசல் இருக்கும் தளத்துக்கே போகும். ஷோ முடிந்த ஐந்து நிமிடத்தில் ஆயிரம் பேர் ஒரே படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி வருவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரே கரண்டியை, ஒரே பட்டனை நூற்றுக்கணக்கான கைகள் தொடுகின்றன. வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ் பரவ இது போதும்.

இந்த வைரஸ் எண்ணிக்கையில் மிகக் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே ஆளைப் படுக்க வைத்துவிடும். உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரத்தில் திடீரென்று வாந்தி, தண்ணீராக வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு. ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று நாளில் சரியாகிவிடும். ஆனால் நோய் தீர்ந்த பின்பும் நாள்கணக்கில் மலத்தில் வைரஸ் வெளியேறும். மேசையிலும் கதவுப்பிடியிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். எல்லோரும் நம்பியிருக்கும் சானிடைசர் இதற்குச் சரியாக வேலை செய்யாது. பஃபே வாசலில் ஊழியர் ஒருவர் சிரித்தபடி சானிடைசர் பீய்ச்சிவிடுவார். வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலேயே குழாயும் சோப்பும் இருக்கும். அங்கே இருபது விநாடி கை கழுவுவதுதான் பாதுகாப்பு. சாப்பாட்டை எடுத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கும் முன் இன்னொரு தரம் கழுவுங்கள், ஏனென்றால் இடையில் கரண்டிகளைத் தொட்டிருக்கிறீர்கள். கையால் சாப்பிடுகிறவர்கள் நாம், இதில் நமக்கு இரட்டைக் கவனம் வேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பதிவாகும் நோரோ பரவல்களில் கப்பலில் நடப்பவை சுமார் 1 சதவீதம்தான். முதியோர் இல்லங்களிலும் உணவகங்களிலும் பள்ளிகளிலும் இதைவிட அதிகம். கப்பலில் மட்டும் வெளியே தெரிவதற்குக் காரணம், அங்கே எண்ணுகிறார்கள். அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் கப்பலில் பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேர் வயிற்று உபாதையைச் சொல்லிவிட்டால், அந்த நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி கப்பலின் பெயரோடு பொதுவில் போட்டுவிடும். அப்படி 2023-இல் 14 பரவல்கள், 2024-இல் 18. பெரும்பாலானவற்றுக்கு நோரோதான் காரணம். ஆனால் இப்படி எண்ணி வெளியிடும் சிடிசியின் திட்டம் அமெரிக்கத் துறைமுகங்களோடு முடிந்துவிடுகிறது. சிங்கப்பூர், மும்பை வழியில் போகிறவர்கள் அந்தப் பட்டியலில் தங்கள் கப்பலைத் தேடிப் பயனில்லை.

இந்தக் கணக்கெல்லாம் ஒரே ஒரு விஷயத்தை நம்பித்தான் நிற்கிறது: நோய் வந்தவர் வந்து சொல்ல வேண்டும். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

ஒரு குடும்பத்தின் கதை, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். தாத்தா பாட்டி, மகன்கள், மகள், பேரப்பிள்ளைகள் என்று நான்கு கேபின் எடுத்து வந்திருந்தார்கள். இரண்டாம் நாள் விடியற்காலை மாப்பிள்ளைக்கு வாந்தி. கப்பல் ஆடுவதால் வந்த தலைசுற்றல் என்று அவரே முடிவு செய்துகொண்டார். பிறகு வயிறும் போகத் தொடங்கியது. ஊரிலிருந்து கொண்டுவந்த, பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் பஃபே வரிசையில் நின்றார். பிள்ளைகள் நான்கு கேபினுக்கும் ஓடித் திரிந்தார்கள். பிரித்த முறுக்குப் பாக்கெட் ஒன்று எல்லாக் கையும் புகுந்து வந்தது. மறுநாள் இரவு பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாக்கு காய்ந்து ஒட்டியிருந்தது, ரத்த அழுத்தம் 80-க்கு இறங்கியிருந்தது, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. வாந்திக்கு நடுவிலும் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுத்திருந்தார்கள். டிரிப்ஸ் ஏற்றி விடியும்வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டோம், தேறிவிட்டார். "டாக்டர்கிட்ட சொன்னா ரூமை விட்டு வெளியே விடமாட்டாங்கன்னு சொன்னாங்க, அதான் சொல்லலை" என்றார் மாப்பிள்ளை.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் 3,711 பேரோடு தனிமைப்படுத்தப்பட்டதையும், அதில் எழுநூறு பேருக்கு மேல் தொற்றியதையும் டிவியில் பார்த்த தலைமுறை இது. கேபினை விட்டு வராதீர்கள் என்றாலே சிறை என்று படுகிறது. காசு கொடுத்து வந்த நாலு நாளில் ரெண்டு நாள் போய்விடுமே என்ற கணக்கும் இருக்கிறது.

நிஜத்தில் நடப்பது இதுதான். கேபினில் இருக்கும் போனில் மருத்துவமனையைக் கூப்பிட்டுச் சொல்கிறீர்கள். அங்கே நடந்து வராதீர்கள், வழியெல்லாம் தொட்டுக்கொண்டு வருவீர்கள். நர்ஸ் வருவார், அல்லது எப்படி வருவது என்று சொல்வார். பல கப்பல்களில் வாந்தி பேதிக்கான சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை, வாங்கினால் யாரும் சொல்லமாட்டார்கள் என்று நிறுவனங்களுக்கும் தெரியும். உபாதை நின்று 24 மணி நேரம் ஆகும்வரை கேபினில் இருக்கச் சொல்வார்கள். கஞ்சி, சூப், ஓஆர்எஸ் கதவுக்கு வரும். உங்கள் கேபினைத் தனிக் குழு வந்து கிருமிநாசினியால் துடைக்கும். ஊழியர்களுக்கு இதைவிடக் கடுமை: சாப்பாட்டைத் தொடும் வேலையில் இருப்பவர் உபாதை நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் வேலைக்குத் திரும்பலாம்.

நீங்கள் முதல் மணி நேரத்தில் சொன்னால் கப்பல் அன்றைக்கே மாறிவிடும். பஃபேயில் கரண்டியை உங்கள் கையில் தரமாட்டார்கள், ஊழியரே பரிமாறுவார். மேசையிலிருக்கும் உப்பு, மிளகுக் குப்பிகள் காணாமல் போகும். கைப்பிடிகளை மணிக்கொரு தரம் துடைப்பார்கள். இப்படியெல்லாம் நடப்பதைப் பார்த்தால் எரிச்சல்பட வேண்டாம், கப்பலில் நோய் இருக்கிறது, அதை அவர்கள் மறைக்காமல் கவனிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் யாராவது வாந்தி எடுத்துவிட்டால், உதவி செய்கிறேன் என்று டிஷ்யூ எடுத்துத் துடைக்காதீர்கள். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போய் ஊழியரிடம் சொல்லுங்கள். முகக்கவசம், கையுறை, மேலங்கியோடு வந்து, சுற்றிலும் தள்ளி இடத்தை மறித்துச் சுத்தம் செய்வார்கள்.

சர்க்கரை நோயாளிகள் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வாந்தி பேதி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது? மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளையும், நீர் இறக்கும் மாத்திரையையும், சில பிரஷர் மாத்திரைகளையும் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை விழுந்துவிடும். இன்சுலினை மட்டும் தானாக முழுவதும் நிறுத்திவிடக் கூடாது. ஓஆர்எஸ் பாக்கெட்டும் குளுக்கோமீட்டரும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டி கேபினுக்கு வர மாலையாகிவிடும்.

கப்பல் மருத்துவமனையால் எவ்வளவு முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, வென்டிலேட்டர் எல்லாம் பெரும்பாலும் இருக்கும். ஆஞ்சியோ கிடையாது, ரத்த வங்கி கிடையாது. அமெரிக்க அவசரச் சிகிச்சை மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டுதல், கப்பலில் உள்ள ஆயிரம் பேருக்கு ஒரு படுக்கை என்பதைக் குறைந்தபட்ச அளவாகச் சொல்கிறது. ஒரே இரவில் ஐம்பது பேருக்கு வாந்தி என்றால் அந்தச் சில படுக்கைகளும் இரண்டு மூன்று டாக்டர்களும் எந்த மூலைக்கு? நெஞ்சுவலியோடு வருகிறவருக்கும் அதே டாக்டர்தான். ஊரில் இருக்கும் சாதாரண மெடிக்ளெய்ம் இங்கே பெரும்பாலும் செல்லாது, பில் நேராக உங்கள் கேபின் கணக்கில் ஏறும். கப்பல் பயணத்தையும், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரிலோ படகிலோ இறக்கிக்கொண்டு போவதையும் சேர்த்துக்கொள்ளும் டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும்.

நெரிசலோடு சேர்ந்த இன்னொன்று, அவசரகால ஒத்திகை. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதியபோது கப்பலில் 4,229 பேர் இருந்தார்கள், 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியிருந்த பல நூறு பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனேயோ ஒத்திகை முடிந்தாக வேண்டும் என்று உலக விதி மாறியது. இப்போது பல கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. எல்லோரையும் ஒரே நேரத்தில் நிற்க வைக்காததால் நெரிசல் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லிஃப்டில் போய் அட்டையைக் காட்டிவிட்டு வருவதால் வழி தெரிந்துவிடாது. அவசர காலத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. ஏறிய அன்றே கேபினிலிருந்து அந்த இடம்வரை படியில் ஒரு தரம் நடந்து பாருங்கள், முழங்கால் வலி உள்ள பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு. அவர்களுக்குப் படி முடியாது என்றால் ஊழியர்களிடம் அன்றே சொல்லிப் பதிந்துவையுங்கள்.

கூட்டத்தைத் தவிர்க்கச் சின்னச் சின்ன வழிகள் உண்டு. முதல் நாள் பஃபேயை விட்டுவிட்டு, உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே கரண்டியைப் பத்துப் பேர் தொடுவதில்லை. கரையில் இறங்க முதல் அரை மணி நேரம் முண்டியடிக்காதீர்கள். பொதுக் கழிப்பறையைவிட உங்கள் கேபின் கழிப்பறையே நல்லது.

வீடு திரும்பிய பிறகும் கொஞ்ச நாள் கவனம் வேண்டும். கப்பலில் வயிறு சரியில்லாமல் போனவர், நின்று இரண்டு நாள் ஆகும்வரை மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், மூன்று நாளைத் தாண்டியும் நிற்காத பேதி என்றால் அது நோரோவாக இல்லாமலும் இருக்கலாம், பரிசோதனை வேண்டும். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால், கப்பலில் போய்வந்ததை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சூடான நீர்த்தொட்டியிலிருந்தும் ஷவரிலிருந்தும் பரவும் லெஜியோனெல்லா என்ற கிருமியால் நிமோனியா வரலாம், வழக்கமாக நிமோனியாவுக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் அதற்குக் கேட்காது. கப்பல் என்று தெரிந்தால்தான் டாக்டர் மருந்தை மாற்றி எழுதுவார்.