கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் கால்சியம் மாத்திரை: பிரஷருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மூன்று மாதம் முடிந்து நாலாம் மாதம் தொடங்கும்போது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரையோடு இன்னொரு மாத்திரையும் தருவார்கள். அது கால்சியம். இரும்பு மாத்திரை ரத்தம் ஊறுவதற்கு என்பது எல்லாருக்கும் தெரியும். கால்சியத்தை ‘குழந்தையின் எலும்புக்கு’ என்று வாங்கிக்கொண்டு, அதுதான் பால் குடிக்கிறோமே என்று அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் இதை நாடு முழுக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கச் சொன்னதற்கு எலும்பைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது: கர்ப்ப காலத்தில் ஏறும் ரத்த அழுத்தம்.

அதுவரை பிரஷரே இல்லாத பெண்ணுக்குக்கூட, 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐத் தொடலாம். அதோடு சிறுநீரில் புரதமும் போனால், அல்லது கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்பட்டால், அதை ‘ப்ரீ-எக்லாம்ப்சியா’ என்பார்கள். முற்றினால் வலிப்பு வரும். ஊரில் ஜன்னி என்பது இதைத்தான். உலக அளவில் பிரசவ மரணங்களுக்கு ரத்தப்போக்குக்கு அடுத்த பெரிய காரணம் இந்த அழுத்தக் கோளாறுகள்தாம்.

இதில் கால்சியம் எங்கே வந்தது? குவாத்தமாலாவில் மாயா இனப் பெண்கள் ஏழைகள். ஆனாலும் அவர்களிடம் இந்த வலிப்பு குறைவாக இருந்தது. அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சமைக்கிறவர்கள். அந்தச் சுண்ணாம்பிலிருந்து உடலில் சேரும் கால்சியம்தான் காரணமாக இருக்குமோ என்று பெலிசான், வில்லார் என்ற இரு மருத்துவர்கள் 1980-இல் எழுதினார்கள். உடலில் கால்சியம் குறைந்தால் சில ஹார்மோன்கள் கூடி ரத்தக்குழாய்கள் இறுகும், அழுத்தம் ஏறும் என்பது அவர்கள் தந்த விளக்கம். அதன்பிறகு பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 4,589 பெண்களிடம் செய்து 1997-இல் வெளியான ஆய்வில் மாத்திரையால் பலன் தெரியவில்லை. அங்கே சாப்பாட்டிலேயே கால்சியம் போதிய அளவு இருந்தது. கால்சியம் குறைவாகச் சாப்பிடும் நாடுகளில் 8,325 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2006-இல் வந்தது. அதில் நோய் வருவது பெரிதாகக் குறையவில்லை, ஆனால் வந்தபோது அதன் கடுமை குறைந்தது. ஆகவே இந்த மாத்திரையை ஒரு கவசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாப்பாட்டில் கால்சியம் குறைவாக உள்ள இடங்களில் ஆபத்தைத் தணிக்க உதவுகிற, விலையில்லாமல் கிடைக்கிற ஒரு பொருள். நம்மூர்ச் சாப்பாடு பெரும்பாலும் அந்த ரகத்தில்தான் சேரும்.

சரி, எப்படிச் சாப்பிடுவது? அரசு வழிகாட்டுதல்படி ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியமும் கொஞ்சம் வைட்டமின் டி-யும் இருக்கும். தினமும் இரண்டு. காலைச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் வயிறு எரியும். இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கிக் கணக்கை முடித்துவிடக் கூடாது. உடல் ஒரே நேரத்தில் அவ்வளவையும் உறிஞ்சாது. முக்கியமான தவறு வேறு ஒன்று நடக்கிறது: இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடுவது. கால்சியம் இரும்பைச் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இரும்பு மாத்திரை என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. அதைப் பாலோடும் டீ, காபியோடும் போடாதீர்கள். சிறுநீரகக் கல் இருந்தவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? அதற்காக மொத்தமாக விட்டுவிட வேண்டாம். பெங்களூருவிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் ஆய்வு செய்து 2024-இல் வெளியிட்டார்கள். தினம் 1,500 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கும் 500 மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியா ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. இதைச் சாக்காக வைத்து நீங்களாகவே ஒன்றாகக் குறைக்கச் சொல்லவில்லை. ஒன்றுகூடப் போடாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பால் குடிக்கிறோமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 200 மில்லி பாலில் கிடைப்பது சுமார் 240. ஒரு நாளைக்கு நாலு டம்ளருக்கு மேல் எத்தனை வீட்டில் மருமகளுக்குக் கிடைக்கும்? கேழ்வரகு மாவு 100 கிராமில் 360 வரை இருக்கிறது, முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். எள்ளில் இன்னும் அதிகம். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் எள் சூடு, வேண்டாம் என்பார்கள். அதற்காக மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை, கேழ்வரகுக் கூழும் மோரும் முருங்கைக்கீரைப் பொரியலும் இருக்கவே இருக்கின்றன.

உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கால் வீங்கியதும் ‘உப்பைக் குறை’ என்று கர்ப்பிணிக்குச் சப்பென்று சமைத்துப் போடுவார்கள். உப்பைக் கட்டுப்படுத்தினால் ப்ரீ-எக்லாம்ப்சியா வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. தடுப்புக்காக அதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாருக்குமே அளவோடுதான். மற்றபடி வீட்டில் எல்லாரும் சாப்பிடும் உப்பு போதும். உப்பில்லாததால் சாப்பாடே இறங்காமல் போனால் அதுதான் நஷ்டம். கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர் உள்ளவர்கள் மட்டும் அவர்களுடைய டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும். பிரஷருக்கு என்று வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைக் காசு கொடுத்து வாங்குவதும் வீண்.

மாத்திரைக்கு வருமான வரம்பு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதும் கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் காட்டுகிறவர்களும் பதிய வேண்டும். அங்கன்வாடியில் பெயர் கொடுத்தால் சத்துமாவு கிடைக்கும். நாளுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கூடுதலாகச் சேர வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் அளவு. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இது உரிமை, யாரும் தயவு காட்டித் தருவதல்ல.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி தனி. 2018 முதல் மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 பணமாக வங்கிக் கணக்குக்கு, மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஏழைக் குடும்பமாக இருக்க வேண்டும், 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். பெட்டகத்தில் சத்துப்பொடி, பேரீச்சை, நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். அந்த நெய் வீட்டுக்கே பொதுவாகிவிடுவதுதான் வழக்கம். யாருக்கு வந்தது என்பதை வீட்டில் ஒருவராவது நினைவில் வைத்திருந்தால் நல்லது.

சாப்பாடும் மாத்திரையும் இருந்தாலும் அழுத்தம் ஏறியதை அளந்தால்தான் தெரியும். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. ஒவ்வொரு முறை போகும்போதும் பிரஷர் பார்த்து, சிறுநீர் சோதித்து, தாய்-சேய் அட்டையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பிரதமரின் தாய்மைப் பாதுகாப்புத் திட்டத்தில் மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மையங்களில் டாக்டரே இலவசமாகப் பார்ப்பார். முதல் கர்ப்பம், இரட்டைக் குழந்தை, முன் பிரசவத்தில் பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இவற்றில் எது இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். ஆபத்து அதிகம் என்று தோன்றினால் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதித் தருவார்கள். அதை 20 வாரத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது. நீங்களாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இது குழந்தை பிறந்த பிறகும் பொருந்தும். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரைகூட வலிப்பு வரலாம். கால்சியம் மாத்திரையையும் பிரசவத்தோடு நிறுத்துவதில்லை. அடுத்த ஆறு மாதத்துக்கும் அதே இரண்டு மாத்திரை உண்டு, தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப்போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.